கால்சியம் மாத்திரையை நிறுத்தினோம், அம்மாவின் இதயத் துடிப்பு தடுமாறியது. ஏன்?

தாமிரபரணிக்கரை

வணக்கம். மூன்று வாரமாக மனத்தில் கிடந்து உறுத்துவதை இங்கே எழுதுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

என் அம்மாவுக்கு வயது 62. கழுத்தில் பல வருடமாக இருந்த கட்டி பெரிதாகி, சோறு விழுங்கவே சிரமமானதால் தைராய்டு சுரப்பி முழுவதையும் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் தைராக்சின், கால்சியம், கால்சிட்ரியால் என்று எழுதியிருந்தது. கால்சியம் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கத்தி பட்ட உடம்புக்குச் சத்து மாத்திரை போலும் என்று நினைத்துக்கொண்டோம்.

பத்து நாள் கழித்து மாமா பார்க்க வந்தார். போன வருடம் அவருக்கு ஸ்கேன் எடுத்து, இதய ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்தவர், "இதைச் சாப்பிட்டால் எல்லாம் நெஞ்சில்தான் போய்ப் படியும். நிறுத்துங்கள்" என்றார். தங்கை மேல் உள்ள பாசத்தில் சொன்னார். நிறுத்திவிட்டோம்.

நான்காம் நாள் உதட்டைச் சுற்றி மரமரப்பாக இருக்கிறது என்றார் அம்மா. மறுநாள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஆறாம் நாள் இரவு நெஞ்சு படபடவென்று அடித்து, சமையலறை வாசலில் அப்படியே சரிந்துவிட்டார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள். "காற்றை இறக்க வேண்டாம், அப்படியே வையுங்கள்" என்றார் அங்கிருந்த இளம் மருத்துவர். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் மணிக்கட்டு உள்ளே மடிந்தது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போனது. மற்ற நான்கு விரல்களும் விறைத்து நுனியில் குவிந்தன, சிமிழிலிருந்து குங்குமம் எடுக்கப் போகும் கை போல. அம்மா மற்றொரு கையால் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மருத்துவர் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். "கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார்களா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 6.4 மில்லிகிராம், இயல்பு 8.5 முதல் 10.5 வரை என்று சீட்டிலேயே இருந்தது. மெக்னீசியமும் 1.2 தான். ஈசிஜியில் க்யூடி இடைவெளி 520 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். மானிட்டரில் நடுநடுவே தப்பும் தவறுமாகத் துடிப்புகள். கால்சியம் குளுக்கோனேட்டை ரத்தக்குழாய் வழியே பத்து நிமிடத்துக்கு மெல்ல மெல்ல ஏற்றினார்கள், பிறகு மெக்னீசியம். விடியும் முன் கை இளகிவிட்டது.

எனக்குப் புரியாதது இதுதான். கால்சியம் குறைந்தால் எலும்பு அல்லவா நோக வேண்டும்? இதயம் ஏன் தடுமாற வேண்டும்? மாமா சொன்ன படிவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஈசிஜி அறை

தம்பி, அம்மா நலமாக இருப்பது கேட்டு நிம்மதி. 31 வருடம் ஈசிஜி எடுத்தே ஓய்வு பெற்றவன் நான். தாளில் தெரிவதை மட்டும் சொல்கிறேன், காரணத்தைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

ஈசிஜி தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி. க்யூடி என்பது இதயத்தின் கீழறைகள் மின்னூட்டம் பெறத் தொடங்கிய கணத்திலிருந்து முழுக்கத் தணிந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகும் வரை உள்ள தூரம். துடிப்பு 60-ஐ ஒட்டி இருந்தால் பெண்களுக்கு 460 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும், சின்னக் கட்டமாக எண்ணினால் பதினொன்றரை. உங்கள் அம்மாவுக்கு 520 என்றால் 13 கட்டம். கட்டத்தில் சின்ன வித்தியாசமாகத் தெரியும், இதயத்துக்கு அது பெரிய வித்தியாசம். தணிந்து முடிக்காத தசையின் மேல் அடுத்த மின் தூண்டல் விழுந்தால் துடிப்பு முறுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும்.

பொட்டாசியம் குறைந்தாலும் மருந்தாலும் க்யூடி நீளும், ஆனால் அப்போது கடைசி அலையின் உருவமே கெட்டுப்போகும், அகன்று தட்டையாகிவிடும். கால்சியம் குறைவில் அப்படி இருக்காது. உயரமான அலைக்கும் கடைசி அலைக்கும் நடுவில் உள்ள சமதளம் மட்டும் நீளும். கடைசி அலை தன் அளவிலேயே, தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கும். இரண்டு கரைக்கு நடுவில் ஆற்று மணல் போல நீண்டு கிடக்கும் அந்தக் கோட்டைப் பார்த்தவுடன், "கழுத்தில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா?" என்று கேட்பது என் வழக்கம். கால்சியம் மிகுந்தால் நேர் எதிர்: சமதளமே இல்லாமல் இரண்டு அலையும் ஒட்டிக்கொள்ளும்.

கரும்பலகை

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்தவன். இந்தக் கேள்வியை ஏறத்தாழ நூற்று நாற்பது வருடத்துக்கு முன் ஒரு குழாய்த் தண்ணீர்தான் முதலில் எழுப்பியது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். உப்பு நீரில் அது நன்றாகவே துடித்தது. 1882-ல் அப்படியே எழுதியும் விட்டார். பிறகுதான் தெரிந்தது, கரைசல் காய்ச்சி வடித்த நீரில் செய்யப்படவில்லை, ஆய்வக உதவியாளர் லண்டன் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார். சுத்தமான வடிநீரில் செய்து பார்த்தால் இதயம் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிட்டது. குழாய் நீரில் இருந்த எது அதைத் துடிக்க வைத்தது என்று தேடிப்போனபோது கிடைத்ததுதான் கால்சியம். 1883-ல் முன் எழுதியதைத் தாமே திருத்தி வெளியிட்டார். இன்று எல்லா மருத்துவமனையிலும் தொங்கும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டிலில் உள்ள ரிங்கர் அவர்தான். அந்த பாட்டிலில் இன்றும் கால்சியம் உண்டு.

இப்போது தம்பியின் கேள்வி. உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒன்றில்தான் நரம்பும் தசையும் இதயமும் ஓடுகின்றன. ரத்தத்தில் இருப்பதிலும் ஏறத்தாழப் பாதி ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மீதிப் பாதிதான் வேலை செய்யும். அது குறைந்தால் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உடனே விழித்து, எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒரு பருப்பு அளவுதான். தைராய்டை எடுக்கும்போது அவற்றுக்குப் போகும் ரத்த ஓட்டம் பாதிக்கப்படலாம், சில நேரம் சுரப்பியே சேர்ந்து போய்விடலாம். பலருக்குச் சில வாரத்தில் தேறிவிடும், சிலருக்கு நிரந்தரமாகிவிடும். அதுவரை அந்தச் சுரப்பி செய்த வேலையைச் செய்வது உங்கள் அம்மா சாப்பிட்ட அந்த மாத்திரைகள்தான். வெறும் சத்து மாத்திரை என்று நினைத்ததில்தான் தவறு நேர்ந்திருக்கிறது, எதற்கு என்று சொல்லாமல் அனுப்பியதில் அதைவிடப் பெரிய தவறு.

இதயச் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தாமிரபரணிக்கரைக்காரருக்குக் கால்வாயும் மடையும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓய்ந்திருக்கும் இதயச் செல்லின் உள்ளே உள்ள கால்சியத்தைப் போல ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு வெளியே நிற்கிறது. மின் தூண்டல் வந்ததும் செல்லின் சுவரில் உள்ள வாய்க்கால் திறந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வருகிறது. சுருங்குவதற்கு அது போதாது. ஆனால் உள்ளே ஒரு கண்மாய் இருக்கிறது, கால்சியத்தைத் தேக்கி வைத்திருக்கும் நுண்பை. அதன் மடைக்கு ரயானோடின் ஏற்பி என்று பெயர். வந்த கொஞ்சக் கால்சியம் அந்த மடையைத் தட்டுகிறது, மடை திறந்து பெருக்காய்ப் பாய்கிறது, தசை சுருங்குகிறது. பிறகு ஒரு பம்பு பெரும்பங்கைக் கண்மாய்க்கே திருப்பி ஏற்றுகிறது. எவ்வளவு உள்ளே வந்ததோ அந்த அளவை இன்னொரு வாயில் வெளியேற்றுகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இது நடக்கிறது.

கால்சியம் குறைந்தால் க்யூடி ஏன் நீள்கிறது? உள்ளே வரும் கால்சியமேதான் தான் வந்த வாய்க்காலை மூடச் சொல்லும் ஆள். வெளியே கால்சியம் குறைந்தால், வருவது குறைகிறது, மூடச் சொல்லும் குரலும் மெலிகிறது, வாய்க்கால் மெல்ல மூடுகிறது. ஈசிஜி அறை ஐயா சொன்ன அந்த நீண்ட சமதளம் இதுதான்.

உதடு மரமரத்ததும் கை இழுத்துக்கொண்டதும் வேறு வழி. நரம்பின் சோடியம் வாயில்களைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் வெளிக் கால்சியம்தான். அது குறைந்தால் நரம்பு தொட்டதற்கெல்லாம் துடிக்கும். பட்டையை இறுக்கிக் கையைப் பார்க்கும் அந்தச் சோதனையை 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் துரூசோ எழுதி வைத்தார். அந்த இளம் மருத்துவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உணவே மருந்து

மாமாவைக் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம். கால்சியம் மாத்திரை மாரடைப்பைக் கூட்டுகிறது என்று வெளிநாட்டு ஆய்வே சொல்லியிருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, பால் எல்லாம் இருக்கும்போது மாத்திரை எதற்கு?

கரும்பலகை

நீங்கள் சொல்லும் ஆய்வு 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, கால்சியம் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் என்றது. அதற்கு மறுப்பும் வந்தது, விவாதம் இன்னும் தீரவில்லை. தேவையில்லாதவர்கள் மாத்திரையை அள்ளி விழுங்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அது எலும்பு வலுவுக்காக மாத்திரை எடுத்தவர்களைப் பற்றியது. பாராதைராய்டு இல்லாதவருக்கு கேழ்வரகுக் களி தட்டு நிறையக் கொடுத்தாலும் குடல் அதிலுள்ள கால்சியத்தைப் போதிய அளவு உறிஞ்சாது, ஏனென்றால் உறிஞ்சச் சொல்லும் வைட்டமின் டி-யை வேலைக்கு ஏற்ற வடிவமாக மாற்றுவதற்கே அந்தச் சுரப்பியின் ஆணை வேண்டும். அதனால்தான் அந்த வடிவத்திலேயே உள்ள வைட்டமின் டி-யான கால்சிட்ரியாலைச் சேர்த்துத் தருகிறார்கள்.

மாமாவின் ஸ்கேனில் கண்டது ரத்தக்குழாய்ச் சுவரில் வருடக்கணக்கில் சுண்ணாம்பு போல இறுகியது. கொழுப்புப் படிவும் அழற்சியும் ஆறிய தடம் அது. ரத்தத்தில் ஓடும் கால்சியத்தின் அளவை அது காட்டாது. மாமாவின் ரத்தத்தில் கால்சியம் 9.5 ஆக இருக்கலாம், அந்தப் படிவும் இருக்கலாம்.

ஆனால் படிவுக்கும் துடிப்புக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்கு பெருந்தமனி வால்வில் படியும் கால்சியம், பக்கத்தில் ஓடும் மின்கடத்திப் பாதை வரை நீண்டு, மேலறைச் செய்தி கீழறைக்குப் போகாமல் தடுத்துவிடும். பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும் காரணங்களில் அதுவும் ஒன்று. அங்கேயும் சிக்கல் கால்சியம் தப்பான இடத்தில் இருப்பது.

வைகைவாசி

எனக்கு 68 வயது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உண்டு. மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும், நாடியைப் பிடித்தால் தாளமே பிடிபடாது. டில்டியாசெம் எழுதிக் கொடுத்தார் மருத்துவர். மருந்துச் சீட்டோடு வந்த தாளில் 'கால்சியம் சேனல் பிளாக்கர்' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு என் மருமகள், "மாமா, இது எலும்பிலிருக்கும் கால்சியத்தைத் தடுத்துவிடும், கூடவே கால்சியம் மாத்திரை சாப்பிடுங்கள்" என்றார்.

அதைவிட மோசமானது ஒரு மாதத்துக்கு முன் நடந்தது. எங்கள் பகுதி மருந்துக்கடையில் டில்டியாசெம் இருப்பு இல்லை. "அதே வகை மருந்துதான் ஐயா" என்று அம்லோடிபின் அட்டையைக் கொடுத்துவிட்டார் பையன். நானும் வாங்கி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டியது, நாடி 140. கணுக்காலும் வீங்கியிருந்தது. ஒரே பெயர் சொல்லும் இரண்டு மருந்துகள் எப்படி இத்தனை வேறாக இருக்க முடியும்?

கரும்பலகை

வைகைவாசி ஐயா, உங்களுக்கு நேர்ந்தது பலருக்கு நேர்வது. இதை விரிவாகவே எழுத வேண்டும்.

முதலில் பெயர். 1960-களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் வெராபமில் முதலான மருந்துகளை ஆராய்ந்தார். மருந்து பட்ட இதயத் தசை, கால்சியத்தை நீக்கிய கரைசலில் இருக்கும் தசை போலவே நடந்துகொண்டது. மின் தூண்டல் வருகிறது, சுருக்கம் இல்லை. கால்சியத்தைக் கூட்டிக் கொடுத்தால் சுருக்கம் திரும்பி வந்தது. அதனால் கால்சிய எதிரி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஆய்வகத்துக்குப் பொருத்தம், மருந்துச் சீட்டில் வந்ததும் மக்களைக் குழப்புகிறது. இந்த மருந்துகள் ரத்தக் கால்சியத்தைக் குறைப்பதில்லை, எலும்பைத் தொடுவதில்லை. செல்லின் சுவரிலுள்ள அந்த வாய்க்காலை மட்டும் பகுதியாக அடைக்கின்றன. மருமகளிடம் இதைச் சொல்லுங்கள். அக்கறையில்தான் சொன்னார்.

அடுத்தது, எந்த வாய்க்கால்? இதயத்தின் மற்றத் தசைகளில் மின் அலை எழுவது சோடியத்தால். ஆனால் துடிப்பைத் தொடங்கும் கணுவிலும், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் காவலுக்கு நிற்கும் கணுவிலும் சோடியத்துக்கு அந்த வேலை இல்லை; கால்சியம்தான் மின்னலையையே எழுப்புகிறது. ஆகவே அங்கே கால்சிய வாய்க்காலை அடைத்தால் செய்தி மெதுவாகிறது. உங்கள் மேலறைகள் நிமிடத்துக்கு நானூறு ஐந்நூறு முறை நடுங்குகின்றன. அத்தனையும் கீழே இறங்காமல் காப்பது நடுக்கணு. டில்டியாசெமும் வெராபமிலும் அந்தக் காவலைக் கடுமையாக்குகின்றன. அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரிலேயே வேலை செய்யும், அழுத்தம் இறங்கும், கணுவுக்கு அது கண்டும் காணாத விருந்தாளி. கணுக்கால் வீக்கமும் அதன் வழக்கமான பக்கவிளைவு. காவலாளியை அனுப்பிவிட்டுத் தோட்டக்காரரை நிறுத்தியது போல ஆகிவிட்டது.

இதே காரணத்தால்தான் இந்த மருந்துகளைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் கூடுதலாக ஒரு குறுக்குப் பாதை உள்ளவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்த நேரத்தில் வெராபமிலை ஏற்றினால், முன்வாசல் மூடி எல்லாம் குறுக்குப் பாதையில் பாயும், உயிருக்கே ஆபத்து. துடிப்பைக் குறைக்கும் இன்னொரு வகை மருந்தான பீட்டா பிளாக்கரோடு சேர்ந்தால் துடிப்பு மிகவும் இறங்கிவிடலாம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஏன் வந்தால் விடாமல் ஒட்டிக்கொள்கிறது என்பதிலும் கால்சியம் இருக்கிறது. 1995-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் ஆடுகளின் மேலறையைத் தொடர்ந்து தூண்டி நடுங்க வைத்துப் பார்த்தார்கள். நாள் செல்லச் செல்ல நடுக்கம் தானாகவே நீடித்தது. ஓயாமல் துடிக்கும் செல்லுக்குள் கால்சியம் நிரம்பி வழிகிறது. தன்னைக் காத்துக்கொள்ள அது சுவரிலுள்ள வாய்க்கால்களைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு மின்னலையும் குட்டையாகிறது, குட்டையான அலைகள் சுற்றிச் சுற்றி வர இடம் கிடைத்துவிடுகிறது. சீக்கிரம் மருத்துவம் பார்க்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

மலைச்சாரல்

இந்த இழையை இரண்டு முறை படித்தேன். எழுதலாமா என்று தயங்கி, எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடும்போது முதல் முறை மயக்கம் வந்தது. கோட்டைத் தாண்டுவதற்குள் முகம் குப்புற விழுந்தாள். வலிப்பு என்றார்கள். இரண்டு வருடம் வலிப்பு மாத்திரை கொடுத்தோம். மூளை ஸ்கேன் சரியாக இருந்தது, ஈசிஜி சரியாக இருந்தது. ரத்தத்தில் கால்சியம் 9.6. ஆனால் என் மாமியார் கால்சியக் குறைவுதான் என்று நம்பி தினமும் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். பிள்ளையும் பாட்டி மனம் கோணாமல் குடித்தாள். பட்டாசு வெடித்த ஒரு தீபாவளி இரவில் மறுபடி விழுந்தாள்.

மூன்றாவது மருத்துவர்தான் கேட்டார்: "ஓடும்போதும் பயப்படும்போதும் மட்டும்தானே விழுகிறாள்? தூக்கத்தில் ஒருமுறையும் இல்லையே?" டிரெட்மில்லில் ஏற்றினார். வேகம் கூடக் கூட, ஒரு துடிப்பு மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி, மாறி மாறி வரத் தொடங்கியது. உடனே நிறுத்தினார். அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். மரபணுச் சோதனையில் கரும்பலகை ஐயா சொன்ன அதே ரயானோடின் ஏற்பியில் பிழை.

அன்று எனக்கு யாரும் மடை, கண்மாய் என்று சொல்லவில்லை. இன்று படித்தபோதுதான் என் மகளுக்கு என்ன என்று முழுதாகப் புரிந்தது. அவளுடைய மடை கசிகிறது, அவ்வளவுதானே?

கரும்பலகை

அம்மா, அதேதான். ஓட்டத்திலும் பயத்திலும் அட்ரினலின் சுரந்து கண்மாயை விளிம்பு வரை நிரப்புகிறது. நல்ல மடை தாங்கும். பிழையுள்ள மடை, தூண்டல் வராத நேரத்திலேயே கசிந்துவிடுகிறது. கசிந்த கால்சியத்தை வெளியேற்றும் வாயில், ஒரு கால்சியத்தை அனுப்பும்போது மூன்று சோடியத்தை உள்ளே விடுகிறது. கணக்குப் பாருங்கள்: ஒரு கால்சியத்துக்கு மின்னூட்டம் இரண்டு, ஒரு சோடியத்துக்கு ஒன்று. ஆக, போன மின்னூட்டம் இரண்டு, வந்தது மூன்று. ஒன்று உள்ளே மிஞ்சுகிறது. அப்படி மிஞ்சியவை சேர்ந்து, வர வேண்டாத நேரத்தில் ஒரு துடிப்பை எழுப்புகின்றன. ரத்தத்தில் கால்சியம் 9.6 ஆக இருந்ததில் வியப்பில்லை. மொத்த அளவில் குறையில்லை, செல்லுக்குள் திறக்கும் நேரத்தில் பிழை.

இந்த நோயை 1978-ல் பிரான்சில் ஃபிலிப் கூமெல் குழுவினர் குழந்தைகளிடம் கண்டு எழுதினார்கள். 2001-ல்தான் மடையின் மரபணுப் பிழை தெரிந்தது. ஓய்வில் எடுத்த ஈசிஜி சரியாக இருப்பதாலேயே இந்தப் பிள்ளைகள் வலிப்பு என்று வருடக்கணக்கில் அலைகிறார்கள். மகள் இப்போது எப்படி இருக்கிறாள்?

மலைச்சாரல்

பீட்டா பிளாக்கரும், தாளப் பிழையைத் தடுக்கும் ஃப்ளெக்கைனைடும் எடுக்கிறாள். ஒரு வேளை கூட விடுவதில்லை, அலாரம் வைத்திருக்கிறோம். மூன்று வருடமாக விழவில்லை. ஓட்டப்பந்தயம் இல்லை, நீச்சல் இல்லை. வீணை கற்கிறாள். அவள் தம்பிக்கும் சோதனை செய்தோம், அவனுக்கு இல்லை. ஓடும்போது மயங்கி விழும் பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், தயவுசெய்து இதய மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

பனைவெளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். கால்சியம் இதயத்தைக் காப்பாற்றுவதையும் நாங்கள் கண்ணால் காண்கிறோம், அதைச் சொல்ல வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்த நோயாளர்கள் டயாலிசிஸ் தவறவிட்டு வரும்போது குருதியில் பொட்டாசியம் ஏறியிருக்கும். ஈசிஜியில் கடைசி அலை கூடாரம் போலக் கூர்ந்து நிற்கும், பிறகு அலைகளெல்லாம் அகன்று ஒன்றோடொன்று கரைந்துபோகும். அந்த நேரம் வைத்தியர் முதலில் கேட்பது கால்சியம் குளுக்கோனேட். ஊசி ஏறிய சில நிமிடத்திலேயே அகன்ற அலைகள் குறுகி உருவம் எடுப்பதைத் திரையில் பார்க்கலாம். பொட்டாசியம் ஒரு துளியும் இறங்கியிருக்காது. இதயத் தசையின் சவ்வை மட்டும் கால்சியம் நிலைப்படுத்தி, அரை மணியோ ஒரு மணியோ அவகாசம் வாங்கித் தருகிறது. அதற்குள் இன்சுலினும் குளுக்கோசும் கொடுத்து, டயாலிசிஸுக்கு ஆயத்தம் செய்துவிட வேண்டும்.

எங்கள் பக்கம் வேலியோரமெல்லாம் மஞ்சள் அலரி நிற்கும். அதன் நஞ்சு, இதயநோய்க்குத் தரும் டிஜாக்சின் மருந்தின் குடும்பம். சோடியத்தை வெளியேற்றும் பம்பை முடக்கிவிடும். சோடியம் உள்ளே தேங்கினால் கால்சியமும் வெளியேற வழியின்றித் தேங்கும், கண்மாய் நிறைந்து கசியும், துடிப்பு தாறுமாறாகும். 2000-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு எங்கள் நாட்டு நோயாளர்களிடம் நடந்தது. டிஜாக்சினுக்கான முறிமருந்து இந்த நஞ்சையும் முறிக்கும் என்று அதில்தான் உறுதியானது. குழந்தைகள் தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் வீட்டில் எதையும் புகட்டாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். ஒரே கால்சியம் ஒரு கட்டிலில் மருந்து, அடுத்த கட்டிலில் வினை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குப் பெரிய திகைப்பு.

உணவே மருந்து

பாராதைராய்டு விஷயம் எனக்குத் தெரியாது. அம்மாவின் நிலைமையில் மாத்திரை அவசியம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: மெக்னீசியம் ஏன் குறைந்தது? அதற்கு அறுவை சிகிச்சை காரணமா?

ஈசிஜி அறை

நல்ல கேள்வி. தம்பி, அம்மா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? குறிப்பாக, நெஞ்செரிச்சலுக்கு?

தாமிரபரணிக்கரை

ஆமாம் ஐயா. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேப்சூல், ஆறு ஏழு வருடமாக. பாண்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்தது. ஒருமுறை எழுதிக் கொடுத்ததைக் கடையில் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தோம். தைராக்சின், கால்சியம், இது எல்லாவற்றையும் காலையில் ஒன்றாகவே விழுங்குவார்.

கரும்பலகை

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பாண்டோபிரசோல் வகை மருந்துகளை வருடக்கணக்கில் எடுத்தால் மெக்னீசியம் இறங்கலாம் என்று 2011-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மெக்னீசியம் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பது குறையும், மாத்திரையைக் கூட்டினாலும் கால்சியம் ஏறாது. டோம்பெரிடோன் தன் பங்குக்கு க்யூடியை நீட்டும். ஐரோப்பாவில் 2014 முதல் அதைக் குறைந்த அளவில், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல்தான் தரச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் மளிகைச் சாமான் போல மாதாமாதம் வாங்குகிறோம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

ஆக, அம்மாவின் க்யூடியை மூன்று கைகள் பிடித்து இழுத்திருக்கின்றன. கால்சியம் குறைவு மட்டும் தனியே பெரிய தாளப் பிழையை உண்டாக்குவது அரிது, மற்ற இரண்டும் சேர்ந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொன்று. தைராக்சினையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், அது கரைய வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு சிட்ரேட் வகை பொருந்தும். இதையெல்லாம் நீங்களாக மாற்ற வேண்டாம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, உங்கள் மருத்துவர் மேசையில் கொட்டுங்கள்.

தாமிரபரணிக்கரை

இன்று கொட்டிவிட்டு வந்தேன். நெஞ்செரிச்சல் கேப்சூலை நிறுத்தச் சொன்னார், எரிச்சல் வந்தால் வேறு தருவாராம். தைராக்சின் காலை 6 மணிக்கு. கால்சியமும் கால்சிட்ரியாலும் மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும். இரண்டு வாரம் கழித்துக் கால்சியம், மெக்னீசியம், ஈசிஜி. மாமாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். நாளை அம்மாவைப் பார்க்க வருகிறாராம்.

ஈசிஜி அறை

தம்பி, அடுத்த ஈசிஜிக்குப் போகும்போது அம்மாவின் பழைய ஈசிஜி ஏதாவது வீட்டில் இருந்தால் கொண்டு போங்கள். ஒருவருடைய இயல்பு என்ன என்று அதில்தான் தெரியும். அந்தத் தாள் வெப்பத்தால் அச்சாவது. பீரோவில் நான்கைந்து வருடம் கிடந்தால் கோடு வெளிறிவிடும், பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம். கிடைத்தவுடன் நகல் எடுத்துவிடுங்கள்.

தாமிரபரணிக்கரை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கால்சியம் 8.7. மெக்னீசியம் 1.8. பட்டையில் காற்றடித்து மூன்று நிமிடம் வைத்தார் மருத்துவர். அம்மாவின் விரல்கள் அப்படியே தளர்ந்து கிடந்தன.

பழைய ஈசிஜி அப்பாவின் ஓய்வூதியக் காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது, 2017-ல் கண் அறுவைக்கு முன் எடுத்தது. ஐயா சொன்னது போலக் கோடு வெளிறி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. நானே உட்கார்ந்து கட்டம் எண்ணினேன். அன்று பத்து. அந்த இரவில் எடுத்ததில் பதின்மூன்று. இன்றைய தாளில் பத்தரை. மூன்றையும் நகல் எடுத்து அம்மாவின் மாத்திரை டப்பா மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.